யார் போட்ட கட்டு?

கல்யாணமான புதிதில் எனக்கு இருந்த தைரியத்தை இப்போது நினைத்தாலும் வலது கால் வலிக்கிறது.

இராஜபாளையத்தில் எனக்குச் சின்ன ஜவுளிக்கடை. மனைவி பாத்திமாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக, மாமனார் தன் மாட்டுவண்டியை வண்டிக்காரனோடு அனுப்பியிருந்தார். "நானே ஓட்டிட்டுப் போறேன்" என்று வண்டிக்காரனைக் கடையில் இருத்திவிட்டேன். (அதுவரை நான் கிட்டத்தில் பார்த்த மாடு, துணிமூட்டையில் ஒட்டியிருந்த படம்தான்.)

ஊர் தாண்டியதும் பிடிகயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"கயித்தைச் சுத்தாதிய மச்சான். மாடு மெரண்டா இழுத்துட்டுப் போயிரும்" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த பாத்திமா.

"நீ செத்த நேரம் சும்மா இரு" என்று மாட்டின் வாலை முறுக்கினேன். மாடுகள் பறந்தன. நானும் பறந்தேன், தனியாக. கயிறு என்னை விடவில்லை, தரையோடு இழுபட்டேன். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் காலில் ஏறி இறங்கியது. பாத்திமா போட்ட ஒரே அதட்டலில் மாடுகள் நின்றன. (அவள் கையால் தவிடு தின்று வளர்ந்தவை.)

முழங்காலுக்குக் கீழே கால் வேறு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. குடையையும் சாட்டைக்கம்பையும் காலின் இரண்டு பக்கமும் வைத்து, என் சரிகைத் தலைப்பாகையைக் கிழித்து இறுகக் கட்டினாள். நான் கதறியது காலுக்கா தலைப்பாகைக்கா என்று இன்னும் தெரியவில்லை. வழியில் வந்தவர்கள் என்னைத் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். பாத்திமா ஓட்டினாள்.

பெண்டாட்டி ஓட்ட, ஆம்பளை படுத்துக்கொண்டு போவதா? "பாயைப் போட்டு என்னை மூடு" என்றேன். மூடினாள். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார்.

"அடப் பாவமே! எப்ப தாயி உசுரு போச்சு?"

"இன்னும் போகலை" என்று பாய்க்குள்ளிருந்து நானே சொன்னேன். பெரியவர் துண்டைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஆஸ்பத்திரிக்கு மாமனார் குடும்பமே திரண்டு வந்துவிட்டது. "காலை எடுத்துருவியளா ஐயா?" என்று மாமனார் கேட்டபோது, நான் என் தொடையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் தடவிப் பார்த்தார். "ஆடாம கட்டிக் கொண்டாந்ததால எலும்பு தோலைக் கிழிக்கலை. கிழிச்சுச் சீழ் பிடிச்சிருந்தா எடுத்துத்தான் ஆகணும்."

குளோரோபாரம் நனைத்த துணியை என் மூக்கில் வைத்து, எலும்பை இழுத்துச் சேர்த்து, பலகை வைத்துக் கட்டினார்கள். நான் பாதி விழித்தபோது டாக்டர் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது: "மொதக் கட்டு ரொம்ப நல்லா இருந்துச்சே, யார் போட்டது?"

"நான்தான்!" என்றேன், கணீரென்று.

வார்டே சிரித்தது.

கால் கூடிவிட்டது, கொஞ்சம் கட்டையாக. ஆனால் அதற்குப் பொறவு எங்கள் வீட்டில் நெய்ச்சோறு நன்றாக அமைந்தாலும் சரி, கூரை ஒழுகாமல் வேய்ந்தாலும் சரி, "யார் செஞ்சது?" என்று மச்சினன் கேட்பான். "மச்சான்தான்!" என்று வீடே கத்தும். எங்கள் மூத்த மகள் பிறந்தபோது, மருத்துவச்சி பிள்ளையை வெளியே கொண்டுவந்து காட்டிய அந்த நிமிஷத்திலும் கேட்டான்.

உள்ளே படுத்திருந்த பாத்திமாதான் முதல் ஆளாகப் பதில் சொன்னாள்.