டெரியர் வீட்டுச் சம்பந்தம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த ல, எந்த ள என்பதில் இன்றுவரை தகராறு. கையெழுத்தும் கோட்டில் நிற்காது. போதாததற்கு, எழுதும்போது ஒரு நாய் என் முழங்கையை மூக்கால் முட்டிக்கொண்டே இருக்கிறது. அதை என் தலையில் கட்டியவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காரைக்குடி வட்டாரத்தில் நாய்க்குப் பொருத்தம் பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான். இனிமேல் வேறு யாரும் பார்க்கப் போவதும் இல்லை. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் ‘டெரியர்’. ஊட்டியில் ஒரு எஸ்டேட் பங்களாவில் டிரைவராக இருந்தார். ஊட்டியிலிருந்து வருகிறவர்கள் தைலமும் வர்க்கியும் கொண்டுவருவார்கள். இவர் சொந்த ஊரான சாக்கோட்டைக்கு டெரியர் நாய்களைக் கொண்டுவந்தார். பொந்துக்குள் புகுந்து எலியையும் நரியையும் இழுத்து வரப் பழக்கிய ஜாதி அது. அதிலேயே பல வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

குட்டி வேண்டும் என்று யார் கேட்டாலும் விற்க மாட்டார். பெண் கொடுக்கிற வீட்டைப் பார்க்க வருவது போல, ராகுகாலம் கழித்து, தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலையோடு வருவார். காபி குடித்துப் பார்ப்பார். வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று விசாரிப்பார். அதன் பிறகுதான் எந்த நாய் ஒத்துவரும் என்று சொல்வார். பாதி வீடுகளில் ஒத்துவராது என்று தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு நான் காவல். சொந்தக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். விசேஷத்துக்கு மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் வீடும் நானும்தான். எனக்கு அது வசதி. நாலு பேர் சேர்ந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நான்.

ஆச்சியின் அறுபதாம் கல்யாணம் இந்த வீட்டில்தான் என்று முடிவான சமயத்தில், இரண்டாங்கட்டுப் பாத்திர அறையில் பெருச்சாளி புகுந்தது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைக் கீழேயிருந்து கிளப்பியது. மருந்து வைத்தால் எங்காவது செத்து நாறும். ஆச்சி போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“வீட்டைப் பாக்கத்தான உன்னைய வச்சிருக்கு. நான் வரும்போது பெருச்சாளி இருந்துச்சுன்னா சாவியக் குடுத்துட்டுக் கெளம்பிக்க. வீட்டை ஓட்டல் வைக்கக் கேட்டுக்கிட்டே இருக்காக.”

பின்கட்டு அறைதான் எனக்கு வீடு. வேறு போக்கிடம் கிடையாது. சாக்கோட்டைக்கு ஓடினேன். நாலு நாளைக்கு ஒரு நாய் கொடுங்கள் என்று கேட்டேன். மறுநாள் தாம்பாளத்தோடு வந்துவிட்டார்.

“வீட்டுக்காரவுகளுக்குக் கோவம் வருமா?”

வரும் என்றேன்.

“அப்ப பாக்ஸ் டெரியர் வேணாம் தம்பி. அதுக்கும் வரும். ஒரே வீட்ல ரெண்டு ஆகாது.”

முதலில் ஸ்காட்டிஷ் டெரியரை விட்டுப் போனார். கறுப்பு, குட்டைக் கால், தாடி. பெருச்சாளி எதிரிலேயே போனது. நாய் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. மானஸ்தன், சொல்லிச் செய்யாது, அதற்காகத் தோன்ற வேண்டும் என்றார் டெரியர். எப்போது தோன்றும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்தது புல் டெரியர். முட்டையைப் படுக்கப் போட்டது போல் முகம். பார்த்ததுமே பால்காரர் கேனைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் மடியில் உட்கார வேண்டும் என்று அது பின்னாலேயே ஓடியது. மனிதர்களிடம் அத்தனை உருக்கம். பெருச்சாளியையும் விசேஷத்துக்கு முன்கூட்டியே வந்த உறவு என்று நினைத்ததோ என்னவோ, ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாவது யார்க்‌ஷயர் டெரியர். உள்ளங்கையில் அடங்கும். நெற்றியில் ரிப்பன். சீமையில் மில்லில் எலி பிடிக்க வளர்த்த ஜாதி, ஆளைப் பார்த்து எடை போடாதீக என்றார். உண்மைதான், தைரியத்துக்குக் குறைவே இல்லை. பெருச்சாளி அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம். நடுவில் புகுந்து விலக்கினேன். ரிப்பன் கட்டியது என்னைக் கடித்தது.

ஒவ்வொரு நாயையும் திரும்ப அழைத்துப் போகும்போது, நான்தான் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டது போல முகத்தைத் தூக்கிக்கொண்டு, காபியையும் குடித்துவிட்டுப் போவார். போதும் அண்ணே என்று சொல்லத்தான் நினைப்பேன். சொன்னதில்லை.

கடைசியாக ஜாக் ரஸல் டெரியர். பெயர் சிட்டு. அது உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வந்த வேகத்தில் ஊஞ்சல், ஜன்னல், என் கட்டில் எல்லாவற்றிலும் ஏறி இறங்கியது. டெரியர் காபி குடித்து முடிப்பதற்குள் பாத்திர அறைக்குள் போய்த் தோண்ட ஆரம்பித்தது. பெருச்சாளி ஒரு கல்லைக் கிளப்பியிருந்தால் இது ஒரு வரிசையைக் கிளப்பியது. பொந்துக்குள் வால் மட்டும் தெரிகிற நேரத்தில் வாசலில் கார் சத்தம். ஆச்சி சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

மண் குவியலையும் பெயர்ந்த கற்களையும் பார்த்தபடி அவர் நிற்கிறார். சிட்டு பின்பக்கமாக வெளியே வந்து, பெருச்சாளியை அவர் காலடியில் போட்டது. ஆச்சி இரண்டு படி மேலே ஏறி நின்றுகொண்டார்.

“நாயி கெட்டிக்கார நாயி. இங்கயே இருக்கட்டும்” என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “நீ சாவியக் குடு.”

மடியிலிருந்து சாவியை எடுத்தேன். டெரியர் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஆச்சி, பிள்ளையக் குடுக்கறேன்னு நான் இன்னும் சொல்லலையே” என்றார். “இது தனியா இருந்தா வீட்டையே பிரிச்சிரும். நீங்க வருசத்துக்கு நாலு நாள் வாரீக. இவரு இருக்காருன்னுதான் நான் கொண்டாந்தேன். இவரு அங்குட்டுப் போனா, பிள்ளை என்கூட இங்குட்டு வந்துரும். பொந்துக்குள்ள இன்னும் குடும்பம் இருக்கு. கேக்குதா?”

கேட்டது. தரைக்குக் கீழே கீச்சுக் கீச்சென்று சத்தம். ஆச்சி அதைக் கேட்டார், சிட்டுவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“சாவிய மடியில வையி. கல்லுப் பதிக்க ஆளைக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டு முன்கட்டுக்குப் போனார்.

டெரியர் தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார்.

“பிடிங்க சம்பந்தி.”

அன்று பிடித்தது எனக்குச் சனி. சிட்டு இளைத்துவிட்டாள் என்று போன். குளிப்பாட்டினேனா என்று போன். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அந்தக் கோடியிலிருந்து “சம்பந்தி!” என்று கூப்பிடுவார். அவர் பெண்ணை யாருக்குக் கட்டினீர்கள் என்று ஜனம் விசாரிக்கும். நான் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஒரு தடவை அறந்தாங்கி வரை போய்விட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் சீர் வேறு. கரும்பு, ரஸ்க், சிட்டுவுக்குப் புதுக் கழுத்துப் பட்டை, எனக்கு ஒரு வேட்டி. வைத்துவிட்டு, மரியாதை சரியில்லை என்று குறையும் சொல்லிவிட்டுப் போவார்.

இந்த வருடம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். அப்பா வர முடியாது என்று அவருடைய மகள் போனில் சொன்னார். அப்பாடா என்றுதான் முதலில் நினைத்தேன்.

இன்று ரஸ்க் வாங்கி, சிட்டுவைக் குளிப்பாட்டி, போன வருடம் அவர் வைத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டியிருக்கிறேன். நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஆட்டோ சொல்லியிருக்கிறது. அவர் வீட்டு வாசலில் நின்று “சம்பந்தி” என்று நானே கூப்பிட வேண்டும். காலையிலிருந்து அதைத்தான் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தை 2, மாட்டுப் பொங்கல்.