முடி உதிராத டயர்கள்

மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் மாமனாரின் கார் டயரைப் படித்துக்கொண்டிருந்தார். டயரில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. மாப்பிள்ளை ஓர் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. எங்கே எது எழுதியிருந்தாலும் படிக்காமல் நகரமாட்டார்.

"மாமா, இது என்ன டயர்?"

"கம்பெனி டயர் மாப்பிள்ளை. வண்டியோட வந்தது. இன்னும் முடிகூட உதிரலை, பாருங்க."

புது டயரில் ரோமம் போல நீட்டிக்கொண்டிருக்குமே, சின்னச் சின்ன ரப்பர் இழைகள், அவற்றைத்தான் சொன்னார். மாமனாருக்குத் தலையில் இருந்ததைவிட டயரில் அதிகம் இருந்தது.

"அது சரி. இந்தக் கடைசி நாலு எண்ணைப் பாருங்க. எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு இருக்கு. எட்டு வருஷம் ஆயிடுச்சு."

"ஆச்சு. ஆனா ஓடலையே. ரோட்டுல படற பட்டன்கூடத் தேயவே இல்லையே."

"ஓடினாலும் ஓடாட்டியும் ரப்பருக்கு வயசு ஏறும் மாமா. அதுலயும் கம்பெனியில மாட்டித் தர்ற டயர் சத்தமில்லாம, மெத்துன்னு போறதுக்குத்தான். ரொம்ப வருஷம் உழைக்கணும்னு செய்யறது இல்ல. ஞாயித்துக்கிழமை டிஸ்சார்ஜ். இந்த டயர் மேல என் பொண்ணை ஏத்தமாட்டேன்."

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பொண்ணுக்கு அதற்குள் ஒரு சட்டம்.

மாமனார் டயரை மறைத்துக்கொண்டு நின்றார். காரணம் இருக்கிறது.

அவர் ஒரு பெரிய அச்சகத்தில் ஸ்டோர்கீப்பர். சாமான் உள்ளே வருவதைப் பார்த்தால் முகம் மலரும். வெளியே போவதைப் பார்த்தால் வாடும். பழைய பல்பைக் கொண்டுவந்து கையில் கொடுக்காதவனுக்குப் புது பல்பு கிடையாது. "பழசைக் கொடு, புதுசை எடு" என்பது அவருடைய முறை. முதலாளியே ஒரு தடவை தேய்ந்த பென்சிலைக் கொண்டுவந்து காட்டித்தான் புதுப் பென்சில் வாங்கினார்.

வீட்டிலும் அதே ஆட்சிதான். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சோபாவுக்குத் துணி உறை, காருக்கு இரட்டை உறை. ஆபீசுக்குப் பஸ்ஸில் போவார். மகள் கல்யாணத்துக்குக்கூடக் காரை எடுக்கவில்லை. மழை வரும் போலிருந்தது.

"எதுக்குத்தாங்க இந்தக் காரை வாங்கினீங்க?" என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

"ஒரு நல்ல சமயம் வரட்டும்" என்பார்.

மகள் உண்டானதும் அந்த நல்ல சமயம் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேரனோ பேத்தியோ, முதன்முதலாக வீட்டுக்கு வருவது இந்த நாலு டயர் மேல்தான். கேன்டீனில், பஸ் நிறுத்தத்தில், பல்பு வாங்க வந்தவனிடம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தார். அன்று காரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததே ஒத்திகைக்காகத்தான். அந்த ஒத்திகையில்தான் மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் ஸ்டோர்கீப்பர் அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுப்பவர் இல்லை. சனிக்கிழமை காலை ஒரு டப்பா டயர் பாலிஷ் வாங்கிவந்து, நாலு டயருக்கும் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் தேய்த்தார். டயர்கள் பளபளவென்று கண்ணைப் பறித்தன. குழந்தைத் துணி எடுக்க வந்த மாப்பிள்ளை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்ல காரியம் பண்ணினீங்க மாமா. நேத்து இருட்டுல தெரியலை. இப்ப பாலிஷ் பட்டதும் வெடிப்பெல்லாம் கோடு கோடா எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க."

மனைவி வாசலில் நின்று சிரிப்பை அடக்கினாள். "உங்க டயரை நீங்களே காட்டிக் கொடுத்துட்டீங்க. போங்க, போய் மாத்திட்டு வாங்க. இல்லேன்னா வாடகைக் கார்லதான் பேத்தி வருவா."

வாடகைக் கார் என்ற சொல் ஸ்டோர்கீப்பரை நேரே டயர் கடையில் கொண்டுபோய் நிறுத்தியது.

"பழைய கம்பெனி டயர் மாதிரியே வேணுமா சார்? சத்தம் இருக்காது, சீக்கிரம் தேயும்" என்றார் கடைக்காரர். "இல்ல, நல்லா உழைக்கிற டயர் வேணுமா? கொஞ்சம் கெட்டியா இருக்கும், சத்தம் வரும். மழையில பிடிப்பா நிக்கிறது ஒண்ணு இருக்கு. எது வேணும்?"

மனைவிக்குப் போன் போட்டார். "குழந்தை தூங்கணும். சத்தமே கூடாது" என்றாள் அவள்.

மாப்பிள்ளைக்குப் போட்டார். "ஈர ரோட்டுல வழுக்கக்கூடாது. அது ஒண்ணுதான் முக்கியம் மாமா."

அவருக்கோ ஆயுசுக்கும் உழைக்க வேண்டும்.

"அப்படின்னா முன்னால ரெண்டு என் வீட்டுக்காரிக்கு, பின்னால ஒண்ணு மாப்பிள்ளைக்கு, இன்னொண்ணு எனக்கு" என்றார்.

கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். தண்ணி குடிங்க. நாலும் ஒரே ஜாதியா இருந்தாத்தான் வண்டி ஒழுங்காப் போகும்."

கடைசியில் மழைக்குப் பிடிப்பான டயர் என்று முடிவானது. அத்தோடு விட்டிருக்கலாம். ஸ்டோர்கீப்பர் எதையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கியே பழகியவர். மகள் கல்லூரி முடிக்கும்வரை செருப்புக்குள் காகிதம் திணித்துக்கொண்டுதான் நடந்தாள்.

"இதுல ஒரு சைஸ் அகலமா இருக்கா?"

"இருக்கு சார். ஆனா உங்க வண்டிக்கு..."

"அதையே போடுங்க. இருக்கட்டும்."

"உங்க இஷ்டம். பழைய டயரை டிக்கியில வச்சுடவா?"

ஸ்டோர்கீப்பருக்குச் சுர்ரென்று வந்தது. "அதெப்படி? பழசைக் கொடுத்துதான் புதுசு வாங்கணும். அதுதான் முறை."

"எனக்கு எதுக்கு சார் அது? நீங்களே கொண்டு போங்க."

"நீங்க பழசை வாங்கிக்கலைன்னா நான் புதுசை எடுக்கமாட்டேன்."

கடைக்காரரின் இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு சண்டை வந்ததில்லை. தோற்றுப்போய் வாங்கிச் சுவர் ஓரம் சாய்த்து வைத்தார். ஸ்டோர்கீப்பர் நாலு டயரையும் ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

புது டயர் அருமையாக ஓடியது. நேராகப் போகும்வரை. முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டயர் மட்கார்டில் உரசி, யாரோ கழுத்தை நெரித்ததுபோல் அலறியது. ரோட்டோரம் நடந்தவர்கள் ஒதுங்கினார்கள். வளையாமலே வீட்டுக்குப் போக வழி உண்டா என்று யோசித்துப் பார்த்தார். கடைக்குத் திரும்பவே மூன்று இடத்தில் வளைய வேண்டியிருந்தது. மூன்று இடத்திலும் ஊர் திரும்பிப் பார்த்தது.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றார் கடைக்காரர். "சரியான சைஸ் திங்கக்கிழமைதான் வரும்."

"திங்களா? சரி, என் பழைய டயரையே மாட்டுங்க."

கடைக்காரர் சுவர் ஓரத்தைப் பார்த்தார். சுவர் ஓரம் காலியாக இருந்தது.

"அது போயிடுச்சே சார்."

கார் கடையிலேயே ஜாக்கி மேல் நின்றது. ஸ்டோர்கீப்பர் பஸ்ஸில் வீடு வந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வாடகைக் காருக்கு அவளே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருத்துவமனை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. அவருடைய காரின் அதே மாடல். அது வேறு நெஞ்சில் குத்தியது. மாப்பிள்ளை வழக்கம்போல் சக்கரத்தருகே குந்தினார்.

"அந்த நாலு எண் வெளிப்பக்கம் இல்லையே. உள்பக்கமா மாட்டியிருக்காங்க. கீழ படுத்துப் பார்த்துடறேன்."

"நீங்க இப்ப இங்க படுத்தீங்கன்னா நான் பஸ்ல போயிடுவேன்" என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த மகள்.

மாப்பிள்ளை எழுந்து, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "பரவாயில்ல, வெளிப்பக்கம் ஒரு வெடிப்பு இல்ல, பளபளன்னு முடிகூட உதிராம இருக்கு. பாருங்க மாமா, டயர்னா இப்படித்தான் வச்சுக்கணும்."

மாமனார் பார்க்கவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, டயர் என்று யாரோ சொல்லியும் அவர் திரும்பவில்லை. மனைவி அவர் கையில் ஒரு சின்னத் துணிச்சுருளை வைத்திருந்தாள். அதற்குள் ஒரு மூக்கு இருந்தது. அவர் மூக்கேதான். உறை போடாத மூக்கு.

முன் சீட்டில் பேத்தியை மடியில் ஏந்திக்கொண்டு உட்காரப் போனவரை, மாப்பிள்ளை சட்டம் பேசிப் பின் சீட்டுக்கு அனுப்பினார். கார் கிளம்பியது. வளைவுகளில் வளைந்தது. சத்தமே இல்லை. பேத்தி அசையாமல் தூங்கினாள்.

நம்ம வண்டியில், நம்ம டயரில் கூட்டிப்போக முடியவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஸ்டோர்கீப்பர் பெருந்தன்மையாக டிரைவரிடம் கேட்டார்.

"மெத்துன்னு போகுதே தம்பி. என்ன டயர்?"

"கம்பெனி டயர் சார், நேத்துதான் கடையில கிடைச்சுது. யாரோ ஒருத்தர் எட்டு வருஷமா ஓட்டாமலே பாலிஷ் போட்டு வச்சிருந்து, பழசை வாங்கிக்கலைன்னா புதுசை எடுக்கமாட்டேன்னு சண்டை போட்டுக் கொடுத்துட்டுப் போனாராம்."