ஏழாம் வரிசையில் ஒரு செம்மறி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கொம்பும் காலும் இடம் மாறி விழும். நடந்ததும் முன்பின்னாக வரும். இப்போதெல்லாம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, எதற்காகச் சமையலறைக்கு வந்தோம் என்று நின்று யோசிக்கிற ஆள். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடுக்குவாதம் வந்தவர்களின் குடும்பத்தார் சேர்ந்து போடுகிற இந்தச் சின்னப் புத்தகத்துக்கு என்னையும் ஒன்று எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் தலையாட்டிவிட்டேன். (எழுதுவது அதைவிடக் கூச்சம் என்று அப்போது தெரியவில்லை.)

என் கூச்சம் எப்படிப்பட்டது என்றால், பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் இருபத்தெட்டு வருடம் நின்றேன். சூப்பர்வைசர் என் பெயரைக் கேட்டால் பக்கத்து டேபிள் சரசாதான் பதில் சொல்லுவாள். அப்படிப்பட்ட நான் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குள் போய், ஒரு மனுசரின் முதுகெலும்புத் தண்ணீரில் செம்மறியாட்டைச் சேர்த்துவிட்டு வந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல்.

முதலில் எங்கள் வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். அவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காகப் போட்டு வைத்தால் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நூலளவு வித்தியாசம் வராமல் வெட்டுகிற கை. அந்தக் கை நாலு வருடம் முன்னால் தானாக நடுங்க ஆரம்பித்தது. "கத்திக்குப் பயப்படாத கை, காப்பி டம்ளருக்குப் பயப்படுது பாரு அம்மிணி" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் கொடுக்க நானும் பழகிக்கொண்டேன்.

கோயமுத்தூரில் பார்த்த டாக்டர் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். மூளையையும் முதுகெலும்பையும் சுற்றித் தண்ணீர் மாதிரி ஒன்று இருக்கிறதாம். இந்த வியாதி வந்தவர்களின் தண்ணீரில் எந்தப் புரோட்டீன் கூடுகிறது, எது குறைகிறது என்று பார்த்தால், பின்னால் வருகிறவர்களுக்கு வியாதியைச் சீக்கிரமே கண்டுபிடிக்கலாமாம். விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்றார். இவர் உடனே கையெழுத்துப் போட்டார். (கையெழுத்து அவர் பெயர் மாதிரி இல்லை, சிக்கெடுத்த நூல் மாதிரி இருந்தது. செல்லும் என்று சொல்லிவிட்டார்கள்.) இறால் மாதிரிச் சுருண்டு படுக்க வைத்து, இடுப்புக்கு மேலே ஊசி போட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் தலையைத் தூக்க முடியாத தலைவலி. நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து, "போதுஞ்சாமி. இன்னொருக்கா அந்தக் கட்டில்ல படுக்கமாட்டேன்" என்றார்.

எங்கள் மகள் பூங்கொடி வேலை பார்ப்பது அதே ஆஸ்பத்திரி வளாகத்து ஆராய்ச்சிக்கூடத்தில்தான். யாருடைய தண்ணீர் எது என்று அவளுக்கும் தெரியாது. நம்பர் மட்டும்தான் வரும். அவளுடைய மெசின் என்ன செய்கிறது என்று எனக்கு ஒரு நாள் சொல்லிக் கொடுத்தாள்.

"ஒரு பனியனத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எடை போட்டா, அது எந்தக் கம்பெனிச் சரக்குன்னு நீங்க சொல்லிருவீங்கல்லங்கம்மா?"

"துணியோட ஜிஎஸ்எம், அதான் கன எடை, தெரிஞ்சா பாதி சொல்லிரலாங் கண்ணு."

"அதேதானுங்க. நாங்க புரோட்டீன வெட்டறோம். மெசின் துண்டுகள எடை போட்டு, இது இன்ன புரோட்டீன்னு பேரு சொல்லும்."

அப்படியென்றால் என் மகளும் செக்கிங் வேலைதான் பார்க்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமைதான் வினையாக முடிந்தது.

ஒரு சனிக்கிழமை இவருக்கு நடந்து காட்டுகிற பரிசோதனை இருந்தது. எங்கள் ஊர் மங்கலத்திலிருந்து பஸ் ஏறி, இறங்கின பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனோம். இவரை டாக்டர் அறையில் உட்கார வைத்துவிட்டு, "வாங்கம்மா, என்ற இடத்தக் காட்டறேன்" என்று பூங்கொடி என்னைக் கூட்டிப் போனாள். வாசலில் வெள்ளை அங்கி கொடுத்தாள், தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. "சால்வைய வெளிய வெச்சிருங்க. உள்ள கம்பளி ஆகாதுங்க. அப்பறம், எதையும் தொட்டுப்போடாதீங்க."

நான் வேலையை விட்டு நின்றபோது கம்பெனியில் போர்த்திய கம்பளிச் சால்வை அது. கதவைத் திறந்ததும் ஏசிக் குளிர் எலும்பில் ஏறியது. மகள் திரும்பிய நேரத்தில் சால்வையை எடுத்து அங்கிக்குள் போர்த்திக்கொண்டேன். குளிருகிறது என்று வாயைத் திறந்து சொல்லக் கூச்சம். திருட்டுத்தனம் செய்யக் கூச்சமில்லை.

உள்ளே மேசையில் ஒரு கண்ணாடித் தட்டு. அதன்மேல் நுங்கை மெல்லிசாகச் சீவிப் பரப்பியது போல வழவழப்பாக ஒன்று. அதில் நீலப் பட்டைகள், மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக.

"ஒவ்வொரு வரிசையும் ஒரு ஆளுங்கம்மா. இந்தப் பட்டைகள வெட்டியெடுத்துத்தான் மெசினுக்குக் கொடுப்போம்."

அந்த நேரம் பார்த்து அவளை யாரோ கூப்பிட்டார்கள். "சித்த நேரம் நில்லுங்க" என்று போனாள்.

நான் நின்றேன். சும்மா நின்றிருக்கலாம். ஆனால் கண் சும்மா நிற்கவில்லை. ஏழாவது வரிசையில் ஒரு பட்டையின் மேல் சின்னதாக ஒரு பிசிறு ஒட்டியிருந்தது. செக்கிங் டேபிளில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிசிறைப் பார்த்துவிட்டுச் சும்மா போகச் சொன்னால் எங்களால் முடியாது. கோடு போட்ட துணியில் பிசிறு இருந்தால் ஒட்டுமொத்த பீஸும் ரிஜெக்ட். குனிந்து ஊதினேன். போகவில்லை. இன்னும் கிட்டப் போய் பலமாக ஊதினேன். அது வழவழப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. உறை போட்ட விரலில் எதுவும் தட்டுப்படாது என்பதால் வலது கை உறையைக் கழற்றினேன். பிறகு, இருபத்தெட்டு வருடம் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்த காரியத்தைச் செய்தேன். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அந்த எச்சிலால் பிசிறை ஒற்றி எடுத்துவிட்டேன்.

சுத்தமாக வந்துவிட்டது. மனதுக்குள் பாஸ் போட்டேன். உறையை மாட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல நின்றேன். மகளுக்கு ஒரு ஒத்தாசை செய்துவிட்டு அதைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துப் பூங்கொடி வீட்டுக்கு வந்தாள். தட்டில் போட்ட சாதத்தைத் தொடவில்லை.

"என்னாச்சு கண்ணு?"

"ஏழாம் நம்பர் சாம்பிள் கெட்டுப்போச்சுங்கம்மா. மூளைல இருந்து வர்ற புரோட்டீனத் தேடினா, மெசின் மனுசத் தோலுங்குது. அடுத்தது எச்சில். அப்பறம் பாலு. அதுக்கும் கீழ செம்மறியாட்டு ரோமம்."

அந்தப் பால் நான் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் குடித்த டீ என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"எடுத்ததே கொஞ்சம். மிச்சமில்லீங்க. எங்கிருந்து அழுக்கு வந்துதுன்னு தெரியற வரைக்கும் நோயாளிங்க சாம்பிளத் தொட வேண்டாம்னு எங்க லேப் மேடம் சொல்லிட்டாங்க. என்ற கை சுத்தமில்லையாம்மா?"

சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் "ரசம் ஊத்தட்டுமா" என்று கேட்டேன். (இப்போது நினைத்தாலும் என்னை நானே கொட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.) அவள் எழுந்து போய் மூன்று தடவை கை கழுவினாள். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் அடுப்பைத் துடைத்தேன். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. சால்வையை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன், போலீஸ் தேடி வரும் என்பது போல. அதன் பிசிறுதான் அந்தத் தட்டில் விழுந்திருக்கிறது, வேறு எது? பருத்திப் பஞ்சாக இருந்தால் அந்த மெசின் கண்டுகொண்டிருக்காது, பஞ்சில் புரோட்டீன் கிடையாது என்று பிறகு பூங்கொடி சொன்னாள். வாழ்நாள் முழுக்கப் பருத்தியோடு கிடந்தவள், ஒரே ஒரு கம்பளியால் மாட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் இவருக்கு போன் வந்தது. கை நடுங்குவதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"ஐயா, போன தடவை நீங்க கொடுத்தது வீணாகிடுச்சுங்க. மறுபடி ஒரு தடவை கொடுக்க முடியுமா? கட்டாயமில்லீங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர், கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "வர்றனுங்க" என்றார்.

அந்த ஏழாம் வரிசை இவர்தான். நான் எச்சில் தொட்டு ஒற்றி எடுத்தது என் வீட்டுக்காரரை.

அப்போது வாய் திறந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சால்வை, குளிர், ஊதினது, நாக்கு, விரல். சொல்லி முடித்து, "நீங்க மறுக்கா படுக்க வேண்டாமுங்க. மாட்டேன்னு சொல்லிருங்க. நான் போய் மேடங்கிட்ட ஒத்துக்கறேன்" என்றேன்.

இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எந்த வெரலு?"

காட்டினேன். விரலைப் பார்த்தார். பிறகு, "கொழம்பு ஊத்து" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். சால்வையைப் பனியன் போடுகிற பாலிதீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். மேடம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "என்னம்மா, கவர்ல என்ன கொண்டு வந்திருக்கிய?" என்று கேட்டார். பின்னால் பூங்கொடி எதுவும் புரியாமல் நின்றாள்.

வாழ்நாளில் நான் ஒரு அந்நியரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "ஆட்டு ரோமம் இதுங்க. எச்சில் என்னுதுங்க. எம்புள்ள கை சுத்தமுங்க" என்று ஆரம்பித்தேன்.

மேடத்துக்கு முதலில் புரியவில்லை. "எப்படித் தொட்டிய? செஞ்சு காட்டுங்க" என்றார். மேசைமேல் ஒரு காகிதத் துணுக்கு கிடந்தது. குனிந்தேன், ஊதினேன், விரலை நாக்கில் தொட்டேன், ஒற்றி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அறையில் நாலைந்து பேர் வந்து நின்றுகொண்டிருக்கிறார்கள். மேடம் வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சால்வையிலிருந்து கொஞ்சம் நூலை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். பிறகு மேடம் பூங்கொடியிடம் திரும்பினார். "அம்மாவ உள்ள கூட்டிட்டு வந்தது தப்பு. ஒரு மாசம் எல்லா மேசையும் நீதான் தொடைக்கணும். சாம்பிள் நாளைலேருந்து எடுத்துக்கோ."

வெளியே வந்ததும் பூங்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "மூணு நாளா எப்படிம்மா சோறு எறங்குச்சு உங்களுக்கு?" என்றாள். இறங்கவில்லை என்று சொன்னேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

இவர் சொன்னால் கேட்கிற ஆளில்லை. "வர்றேன்னு சொன்ன வாய மாத்த முடியுமா" என்று போய்ப் படுத்துவிட்டார். தலைமாட்டில் நின்று தோளைப் பிடித்துக்கொள்ள என்னை விட்டார்கள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தார். நடுங்குகிற கையை என் கைக்குள் வைத்துக்கொண்டேன். டாக்டர் முதுகைத் துடைக்கும்போது இவர் மெதுவாகச் சொன்னார்:

"ஏம்மிணி, கல்யாணத்தன்னைக்கு நீ ஏறிட்டும் பாக்கல. இத்தன வருசம் குடும்பம் நடத்தினதுல உன்ற எச்சிலு என்ற முதுகெலும்புத் தண்ணி வரைக்கும் போயிருச்சு பாத்தியா. மெசினே சொல்லுது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவரும் குலுங்கினார்.

"ஐயா, சிரிக்காதீங்க. ஊசி கைல இருக்கு" என்றார் டாக்டர்.

இந்த முறை தலைவலி ஒரே நாளில் விட்டது. ஏழாம் நம்பர் நல்லபடியாக மெசினுக்குள் போய் வந்தது என்று பூங்கொடி சொன்னாள். மற்றவர்களுடையதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம், பதில் வர நாளாகுமாம். வியாதி போகவில்லை. டம்ளர் இப்போது பாதிக்கும் கீழே. ஆனால் சொந்தக்காரர்கள் யார் வந்து உடம்பு எப்படி என்று கேட்டாலும் இவர், "எனக்கென்னங்க, பாதி செம்மறி, மீதி எங்கூட்டுக்காரி" என்று ஆரம்பித்துவிடுவார். நான் சமையலறைக்கு ஓடிவிடுவேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் யாராவது ஒரு தடவை சரி பார்க்க வேண்டும். வரிசை ஏழா எட்டா, பால் முதலில் வந்ததா ஆடு முதலில் வந்ததா, எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. புரோட்டீன் சங்கதியெல்லாம் மேடம் பார்த்துத் திருத்தட்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு இவர் சொன்னது மட்டும் தப்பு, எச்சில் பட்டது தட்டில்தான், முதுகெலும்பு வரைக்கும் போகவே இல்லை என்று பூங்கொடி அடித்துச் சொல்கிறாள். அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்தாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.