மூன்று மாடிப் பேன்கேக்

தோசைக்கல்லில் கிடந்த ஐந்தாவது பேன்கேக்கும் உப்பவில்லை. மோகனராஜ் அதைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

"ஏங்க, ஏழரைக்கு அந்தம்மா சாப்பிட வந்துருவாங்க," என்றாள் அவர் மனைவி யசோதினி. "நான் எப்பவும் செய்றதையே செஞ்சிர்றேனே. மெல்லிசா ஊத்தி, தேங்காய்ப்பூவும் வெல்லப்பாணியும் வச்சுச் சுருட்டி..."

"அதச் செஞ்சுதானே போன தடவ மானம் போச்சு!"

போனது உண்மைதான். ஹந்தானை மலைச் சரிவில் இருந்த தங்கள் வீட்டின் இரண்டு அறைகளை அவர்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டிருந்தார்கள். கடைசியாக வந்த வெள்ளைக்காரர், 'பேன்கேக் உப்பவே இல்லை, ஈரத் துவாயைப் போலச் சுருட்டி வைத்தார்கள்' என்று இணையத்தில் எழுதி, ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு இரண்டு மாதமாக ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நேற்று மாலை வந்திறங்கிய ஹெலன் அம்மையார்தான் முதல் ஆள். இவரும் ஒற்றை நட்சத்திரம் போட்டால் அறைகளைப் பூட்ட வேண்டியதுதான்.

அவரும் வந்ததும் வராததுமாக, "நாளைக் காலையில் உங்கள் பேன்கேக் கிடைக்குமா?" என்றுதான் கேட்டார். அதுவும் கண்கள் மின்ன. மூன்று விரல் உயரத்துக்குக் கிடைக்கும் என்று மோகனராஜ் மனதுக்குள் சபதமே எடுத்துக்கொண்டார்.

கைப்பேசி வீடியோவில் ஒருத்தி பேக்கிங் பவுடர் போடச் சொன்னாள். வீட்டில் இருந்தது அப்பச் சோடா. ஒரு கரண்டி போட்டார். மனம் கேட்காமல் இன்னும் மூன்று போட்டார். கரைத்த மா கசந்தது. கசப்புப் போகப் புளிக்கப் புளிக்கத் தேசிக்காய் பிழிந்தார். மா புஸ்ஸென்று பொங்கி, மேசையில் வழிந்து, தரைக்கு இறங்கியது.

"ஐயோ, நம்மள நோக்கி வருதுங்க!" என்று யசோதினி பின்வாங்கினாள்.

அதை அடக்க ஒரு கிலோ கோதுமை மாவைக் கொட்டினார். கல்யாண வீட்டுக்குக் காணும் என்கிற அளவுக்கு மா பெருகியது. ஆனால் ஆறாவது பேன்கேக், ஆண்டவன் புண்ணியத்தில், உப்பியது! மோகனராஜ் அதைப் பெருமையாக ஜன்னலோரம் ஆற வைத்தார்.

ஒரு குரங்கு அதைப் பறித்துக்கொண்டு கூரைக்கு ஓடியது. ஒரு கடி கடித்தது. பிறகு இறங்கி வந்து, எடுத்த தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனது. பதினைந்து வருடத்தில் ஹந்தானைக் குரங்குகள் இந்த வீட்டுக்கு எதையும் திருப்பித் தந்ததில்லை.

திரும்பினால் அடுத்த அதிர்ச்சி. யசோதினி மூலையில் ஆறு தேங்காய்ப்பூப் பேன்கேக்கைச் சுருட்டி முடித்திருந்தாள்.

"அந்தம்மா கண்ணுல பட்டா என்ன ஆகும்?" என்று பதறிய மோகனராஜ், ஹெலனை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்த வேன் சாரதி ரிஸ்கானிடம் பின்கதவு வழியாகத் தட்டை நீட்டினார். "தம்பி, ஒன்னு விடாம முடிச்சிருங்க!"

ஏழரைக்கு, மூன்று பேன்கேக்கை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஹெலன் முன்னால் வைத்தார். ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டார். கண்கள் கலங்கின.

"வேறு எதுவும் இல்லையா?" என்றார் மெதுவாக.

"எல்லாம் இதுதான்!" என்றார் மோகனராஜ், நெஞ்சை நிமிர்த்தி.

ஹெலன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

"பார்த்தியா, ஆனந்தக் கண்ணீரு!" என்று மோகனராஜ் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பின்கதவில் ரிஸ்கான் விரலில் ஒட்டிய பாணியை நக்கியபடி மேசையை எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது.

"என்னண்ணே செஞ்சீங்க? மேடத்துக்கு அவங்கட ஊர்ல பேன்கேக் கடை. இருபது வருசமா இந்தப் பொங்கினதச் சுட்டுச் சுட்டு வெறுத்துப்போய், லீவு ரெண்டு கிழமைக்காவது இதக் கண்ணால பார்க்கக் கூடாதுன்னு, உங்கட பேன்கேக் உப்பவே உப்பாதுன்னு நெட்ல படிச்சிட்டுத்தான் இங்க வந்திருக்காங்க!"