இடது தோள் முக்கால் இன்ச் இறக்கம்

எல்லாவற்றுக்கும் காரணம் குணசேகர்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. முகநூலில் ஓவியக் குழு ஒன்றை நடத்துகிறாரே, அந்தக் குணசேகர். அவர் எழுதிய நாலு வரியை நம்பி நான் நாசமாய்ப் போனேன். (இங்கே கிள்ளானில் யாரைக் கேட்டாலும், "நீ கெட்டது உன் வாயால, அவர எதுக்கு இழுக்கிற?" என்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.)

என் பெயர் செல்வி. பிளவுஸ் தைப்பவள். புடவைக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், மாடிப்படி ஏறினால் முதல் கதவு என்னுடையது. முப்பது வருடமாக மிஷின் முன்னால் குனிந்து குனிந்து முதுகு வளைந்துவிட்டது. கண்ணும் பாதிதான். நான் ஓவியர் இல்லை. ஆனால் பிளவுஸின் முதுகுப் பக்கத்தில் எம்பிராய்டரி போடுவதற்காக மயில், மாங்காய், கொடி என்று தாளில் வரைந்து பார்ப்பேன். அந்தத் தாள்கள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தன.

என் மகள் துளசி பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆபீசில் வேலை செய்கிறாள். என் கைப்பேசிக்கு அவள்தான் டாக்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா வரைஞ்சு மூடி வச்சிருக்கீங்களேம்மா. ஒரு குரூப் இருக்கு. போடுங்க லா, நாலு பேரு பார்க்கட்டும்" என்று என்னைச் சேர்த்துவிட்டாள்.

போடலாம் என்று போனால் வாசலிலேயே சட்டம். சொந்தப் படம் ஒன்று போடுவதற்கு முன்னால் மற்றவர்களின் மூன்று படங்களுக்குக் கருத்து எழுத வேண்டும். 'சூப்பர்', 'அருமை', கட்டைவிரல் எதுவும் செல்லாது. குணசேகர் எழுதி வைத்திருந்தார்: முதலில் பிடித்ததைச் சொல்லுங்கள். பிறகு படத்தைக் கூர்ந்து பாருங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த தொழிலிலிருந்து, வரைந்தவருக்கு உதவும்படி ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஒளிக்காமல்! என் தொழிலே ஒளிப்பதுதான் ஐயா.

அளவெடுக்கும்போது டேப்பில் என்ன வருகிறது என்று பெண்கள் கேட்பார்கள். உள்ளதைச் சொன்னால் அந்தத் தீபாவளி அவர்களுக்குப் போச்சு. அதனால் வாயால் ஒன்று சொல்வேன், நோட்டில் வேறொன்று எழுதிக்கொள்வேன். தைத்துக் கொடுத்தால் கச்சிதமாக உட்காரும். "பாத்தியா செல்வி, நான் இளைச்சிட்டேன்" என்று கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் ஆமாம் போடுவேன். முப்பது வருடம் ஆமாம் போட்டு அலுத்துப்போன ஒருத்தியைப் பார்த்து, ஒளிக்காமல் பேசு என்று ஒருவர் எழுத்திலேயே அனுமதி கொடுத்தால் அவள் சும்மா இருப்பாளா?

நான் சும்மா இல்லை.

முதலில் கிடைத்தது ஒரு மணப்பெண் படம். எழுதினேன்: "புடவைக் கலர் நல்லா இருக்கு. முந்தானை வலது தோள்ல கிடக்கு. இடம் வலம் மாறி வர்ற செல்ஃபியைப் பார்த்து வரைஞ்சீங்களா?" அந்தப் பையன் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, நன்றி சொல்லி, திருப்பி வரைந்து போட்டான். அடுத்தது அம்மாவும் கைக்குழந்தையும். "குழந்தை சிரிப்பு அழகு. ஆனா இந்தச் சட்டையில தலை நுழைய வழியே இல்லை. எப்படி மாட்டினாங்க?" இதற்குக் கழுத்தில் இரண்டு பொத்தான் வந்தது.

ஐம்பத்திரண்டு வயதில் என் பேச்சைக் கேட்டு உலகம் தன்னைத் திருத்திக்கொள்கிறது! தலை கால் புரியவில்லை. மூன்று போதும் என்ற சட்டத்தை மறந்து ஒரு வாரத்தில் முப்பது கருத்து எழுதிவிட்டேன். என் மயிலைப் போடவே மறந்துவிட்டேன். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. கடையில் துணி மலைபோலக் கிடந்தது. நான் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, ஈப்போவில் யாரோ வரைந்த அம்மனுக்குக் கொசுவம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். முகம் தெரியவில்லை. நீல பிளவுஸ், பின்கழுத்தில் நாடா. போட்டவர் பெயர் 'வாசு ஆர்ட்'. என் முதல் ஓவியம் என்று கீழே எழுதியிருந்தது. (முதல் என்ற சொல்லைப் படித்தேன். மனதில் ஏற்றவில்லை. கண்ணாடியும் போடவில்லை. இதற்குக் குணசேகரைக் குறை சொல்ல முடியாது.)

நான் எழுதியதை அப்படியே தருகிறேன்: "நீலம் நல்லா இருக்கு. ஜன்னல் வெளிச்சமும் நல்லா இருக்கு. ஆனா இடது தோள் முக்கால் இன்ச் இறங்கியிருக்கு. அந்த இடத்துல துணி தடிப்பா நிக்குது, காரணமே இல்லை. இப்படி ஒரு பிளவுஸை எந்தத் தையல்காரியும் தைக்க மாட்டா. தைச்சா அவகிட்ட இருந்து மிஷினைப் பிடுங்கணும். தோளைச் சரி பண்ணுங்க."

குணசேகர் அசந்துபோய்விட்டார். "இதுதான் உண்மையான உதவி! எல்லாரும் இப்படி எழுதப் பழகுங்கள். ஓவியர் தோளைத் திருத்தி மறுபடியும் பதிவிடவும்" என்று எழுதியதோடு நிற்கவில்லை. என் கருத்தைப் படம் பிடித்து, 'முன்மாதிரிக் கருத்து' என்று தலைப்புப் போட்டு, குழுவின் உச்சியில் ஆணி அடித்து மாட்டினார். நான் அதைத் துளசிக்கு அனுப்பினேன். பெருமையாக அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. "அக்கா, வாசு ஆர்ட்ங்கறது நான்தான், சுபாங் ஜெயா வசந்தி. படத்துல இருக்கறது நான்தான். வீட்டுக்காரர் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைஞ்சேன். இந்த பிளவுஸ் போன தீபாவளிக்கு நீங்க தைச்சுக் குடுத்தது. மெரூன். கலரை மட்டும் மாத்திட்டேன்." கூடவே போட்டோ. என் பிளவுஸ், என் நாடா, என் முடிச்சு.

கீழே சிரிக்கிற பொம்மைகள் ஊர்வலமாக வந்தன. ஒருவர் கேட்டார்: "அப்ப மிஷினைப் பிடுங்க யாரு வர்றது, லோரி அனுப்பவா?"

வசந்தி என்னிடம் பன்னிரண்டு வருடமாகத் தைப்பவள். நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பவள். பொழுது விடிந்தால் கூடையை இடது தோளில் மாட்டிக்கொண்டு நடந்து நடந்து, அந்தத் தோள் உண்மையிலேயே இறங்கிவிட்டது. அவளுக்கு அது தெரியாது. நான் சொன்னதில்லை. இடது ஷோல்டருக்குள் லைனிங் துணியை மடித்து வைத்துத் தைத்துவிடுவேன். புதிதில் போட்டால் இரண்டு தோளும் சமமாகத் தெரியும்; துவைக்கத் துவைக்க மடிப்பு சுருண்டு, இறக்கம் எட்டிப் பார்க்கும். அந்த மடிப்பையும் இறக்கத்தையும்தான் அவள் போட்டோவில் பார்த்து, என்னவென்று தெரியாமலே, அப்படியே வரைந்திருந்தாள். பன்னிரண்டு வருடமாக நான் மறைத்ததை ஒரு பிரஷ் காட்டிக் கொடுத்துவிட்டது. அதைப் பார்த்துத் தப்பு என்று எழுதியவளும் நான்தான்.

இந்த இடத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. வசந்தி சரியாகத்தான் வரைந்தாள் என்று நிரூபிக்க வேண்டும், என் பிளவுஸும் தப்பில்லை என்று நிரூபிக்க வேண்டும். ஆதாரத்துக்கு அளவு நோட்டை எடுத்து, அவள் பக்கத்தைப் போட்டோ பிடித்து, "ஓவியர் வரைந்தது சரி, இதோ அளவு" என்று எழுதிப் போட்டேன். போட்டுவிட்டு நிம்மதியாக ஒரு பிளவுஸுக்குக் கை வெட்டப் போய்விட்டேன்.

இத்தனை வருடத்தில் அளவு நோட்டை நான் யார் கண்ணிலும் காட்டியதில்லை. அன்று உலகத்துக்கே காட்டினேன். அதில் இருந்தது இது:

"வசந்தி. இ. தோள் முக்கால் இறக்கம். துணி வை. சொல்லாதே."

ஒரு பக்கத்தில் ஒருத்தி அளவு மட்டும் எழுத நான் என்ன பணக்காரியா? அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர்.

"ராணி அண்ணி. இடுப்பு 44. 40 என்று சொல்லு."

"பந்திங் டீச்சர். மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். எல்லாத்திலும் 2 கூட்டு."

அரை மணி நேரம் கழித்துக் கைப்பேசி அடித்தது. ராணி அண்ணி. என் அண்ணன் மனைவி, காப்பாரில் இருக்கிறார்.

"நாப்பத்துநாலாடி எனக்கு?"

"அண்ணி..."

"பதினஞ்சு வருஷமா நாப்பது நாப்பதுன்னியே! அத நம்பி ஆன்லைன்ல நாலு பிளவுஸ் வாங்கி, ஒண்ணு கூட ஏறாம, கம்பெனிக்காரிய போன்ல கிழி கிழின்னு கிழிச்சேன். அந்தப் பொண்ணு பாவம், அழுதிட்டாடி!"

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் அண்ணி..."

"இப்ப காப்பாரே என் இடுப்பைப் பத்திப் பேசுது. உங்கண்ணன் சிரிக்கிறாரு. மனசு குளுகுளுன்னு இருக்கு, போ!"

அடுத்து துளசி. "அம்மா, அத எடுங்க! முதல்ல எடுங்க!" எடுக்கத் தெரியவில்லை. அவள் சொல்லச் சொல்ல அழுத்தினேன். எதை அழுத்தினேனோ, அது என் சொந்தப் பக்கத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் அவளே என் கணக்கில் நுழைந்து இரண்டையும் அழித்தாள். அதற்குள் கிள்ளானில் பாதிப் பேர் கைக்குப் போய்விட்டது.

பந்திங் டீச்சர் தன் ஊரிலிருந்து நேரிலேயே வந்தார். படியேறி வந்து, கைப்பையைக் கீழே வைத்து, கைகளைத் தூக்கிக்கொண்டு நின்று, முழு மூச்சையும் வெளியே விட்டார். "இப்ப எடுங்க" என்றார். எடுத்து, டேப்பில் வந்ததை வந்தபடியே சத்தமாகப் படித்தேன். அந்த மாதம் வந்த பெண்கள் எல்லாரும் அளவு கொடுக்கும் முன்னால் நோட்டைக் காட்டு என்றார்கள். காட்டினேன். ஐந்து பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு அடிதான் பட்டது, சாகவில்லை. வசந்தி மட்டும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அந்த ஞாயிறு துளசி காரில் சுபாங் ஜெயாவுக்குப் போனேன்.

கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. "அக்கா, என் தோள் நிஜமாவே இறங்கியிருக்கா?"

"முக்கால் இன்ச்."

"வீட்டுக்காரர் இல்லங்கறாரு."

"அவரு டேப் வச்சா பார்த்தாரு?" என்றேன். (மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் என் வாய் இப்படி. துளசி என் காலை மிதித்தாள்.)

வசந்தி சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த படத்தை எடுத்து வந்தாள். நேரில் அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று இப்போது எழுதினால் யாரும் நம்ப மாட்டீர்கள். "வரையும்போதே தோள் இறங்கி இறங்கி வந்துச்சுக்கா. மூணு தடவை அழிச்சேன். எனக்குக் கை வரலன்னு நினைச்சேன். கடைசியில, கண்ணுக்குத் தெரியறபடி வரட்டும்னு விட்டுட்டேன்."

"நீ வரைஞ்சதுதான் சரி வசந்தி. நான்தான் தப்பு."

"நீங்க சொல்லிட்டீங்க. தோளைத் திருத்துன்னு அந்த ஆளு எல்லார் முன்னாடியும் எழுதியிருக்காரே. அது இன்னும் மேலதான் இருக்கு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதான் கண்ணுல படுது. பிரஷைத் தொடவே கை போகல. அவரும் சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்."

கோபம் கொஞ்சம் ஆறியதும் அவள் மறுபடி என்னிடமே தைக்க வந்தாள். "உள்ள துணி வைக்காதீங்கக்கா, இருக்கறபடி தைங்க" என்றாள். அப்படியே தைக்கிறேன். படம் மட்டும் வரைவதில்லை.

இரண்டு தீபாவளி ஓடிவிட்டது. என் குடும்பத்தில் இப்போது யார் எதை நல்லா இருக்கு என்று சொன்னாலும் ஒரே கேள்விதான். போன வாரம் ராணி அண்ணி வைத்த மீன் குழம்பைப் பிரமாதம் என்றேன். கரண்டியை நீட்டிக்கொண்டே கேட்டார்: "இது நாப்பதா, நாப்பத்துநாலா?" சாப்பிட உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் சிரித்தார்கள். என் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. நான் செத்தாலும் இதைச் சொல்லித்தான் என்னை எடுப்பார்கள்.

குணசேகர், உங்களுக்குத் தனியாக நாலு முறை எழுதினேன். நாலு முறையும் கைகூப்புகிற பொம்மையும் "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்பதும்தான் வந்தன. தனியாக வரும் நன்றி எனக்கு வேண்டாம். தோளைத் திருத்தச் சொல்லி எல்லார் முன்னாலும் எழுதினீர்கள். அந்த முன்மாதிரிக் கருத்து இன்னும் உச்சியில் தொங்குகிறது. அதைக் கழற்றுங்கள். அதே இடத்தில், பிடித்ததை முதலில் சொல்லும் சடங்கெல்லாம் இல்லாமல், உங்கள் பெயரில் எழுதுங்கள்: வசந்தி வரைந்த தோள் சரியா, தப்பா? ஒளிக்காமல் சொல்லுங்கள். நாற்பதா, நாற்பத்து நாலா?