சந்தவாசல் ரூட்டுக்குப் பனிச் சங்கிலி

“வேர்த்து ஊத்துது, டயருக்குப் பனிச் சங்கிலி மாட்டணுமா? இன்னாம்மா பேசறே?”

பன்னீர்செல்வம் போனில் போட்ட சத்தத்தில், தெருவில் தறிக்குப் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுமுனையில் பார்சல் கம்பெனியின் ஆரணி ஆபீஸ் சுகன்யா. “நான் இன்னாண்ணா பண்ணட்டும்? டெல்லி ஆபீஸ் ஆர்டர். மலை ரூட்டு வண்டிங்க எல்லாம் மார்ச் முடியற வரைக்கும் பனியில வழுக்காம இருக்க சங்கிலி மாட்டணுமாம். அஞ்சு மணிக்குள்ள கம்பெனி ஆப்ல போட்டோ ஏத்தலைன்னா உங்க ரூட்டை டிரைவர் கோகுல்ராஜுக்கு மாத்திடுவாங்க.”

“சந்தவாசல்ல மலை தூரமா நிக்குது. நான் தரையிலதானே ஓட்டினு போறேன்?”

“அதைக் கேக்க ஆப்ல எடமில்லண்ணா.”

எட்டு வருடமாக அந்தக் கம்பெனிக்காகத் தன் மினி லாரியில் சந்தவாசல் தறிகளுக்குப் பட்டு நூல் கொண்டுபோய், நெய்த புடவைகளை ஏற்றிவருகிறார் பன்னீர்செல்வம். வீட்டில் அடுப்பெரிவது அந்த ரூட்டால்தான். பங்குனி வெயிலில் தார் இளகிக் கிடக்கிறது. இந்த ஊர்க்காரன் பனிக்குப் பயப்பட வேண்டும் என்று டெல்லியில் எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். அக்கிரமம் இல்லையா இது?

இரும்புக் கடையில் சங்கிலி கேட்டார்.

“ஆட்டுக்கா, மாட்டுக்கா?”

“லாரி டயருக்கு.”

கடைக்காரர் அவரை நிழலில் உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

வேறு வழியில்லை. வீட்டு ஊஞ்சலைக் கழற்றினார்.

“ஏங்க, அது எங்கப்பா குடுத்த சீரு!” என்று அலறினாள் மனைவி கற்பகம்.

“ஒரே ஒரு போட்டோடி. அஞ்சு நிமிசத்துல திரும்ப மாட்டிடறேன்.”

பின் டயர்களில் பித்தளைச் சங்கிலியைச் சுற்றிக் கயிற்றால் கட்டிப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: ‘நிராகரிக்கப்பட்டது. சங்கிலி பூட்டிய சக்கரம் பனியின் மீது நிற்க வேண்டும்.’

“பனிக்கு எங்கடா போவேன் பேமானிங்களா!” என்று போனைப் பார்த்தே கத்தினார். கத்திவிட்டு ஐஸ் ஃபேக்டரிக்குப் போய் நாலு பாளம் வாங்கிவந்து, கடப்பாரையால் நொறுக்கித் தெருவில் பரப்பினார்.

“சர்பத் கடையா? ஜல்தி போடுப்பா, நாக்கு வறண்டு போச்சு” என்று சைக்கிளை நிறுத்தினார் ஒருவர். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் ஒரு குண்டான் ஐஸை அள்ளிக்கொண்டு போயேவிட்டாள்.

மிச்சமிருந்த ஐஸ் உருகுவதற்குள் வண்டியை அதன் மேல் ஏற்றினார். கயிறு நெகிழ்ந்தது, சங்கிலி சுழன்று மட்கார்டை நசுக்கியது, வண்டி வழுக்கிப் பின்னால் போய்ச் சுவரோரம் சாய்த்திருந்த ஊஞ்சல் பலகையை இரண்டாக்கியது. ஆரணி வரலாற்றிலேயே ஐஸில் சறுக்கிய முதல் வண்டி அதுவாகத்தான் இருக்கும். கற்பகம் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நாலே முக்காலுக்குப் படம் ஏறியது. ‘ஏற்கப்பட்டது’ என்று பச்சையாக வந்தது. அப்பாடா என்று அவர் நெற்றியைத் துடைப்பதற்குள் இன்னொரு செய்தி.

‘உங்கள் பகுதியில் பனிப்பொழிவு உறுதி செய்யப்பட்டது. ஓட்டுநர் பாதுகாப்பு கருதி, சந்தவாசல் ரூட் மறு அறிவிப்பு வரை நிறுத்தப்படுகிறது.’

பன்னீர்செல்வத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. சங்கிலியைக்கூட அவிழ்க்காமல், ஊரெல்லாம் கடகடவென்று அதிர வண்டியை ஆபீஸுக்கு விட்டார்.

“கோகுல்ராஜுக்கும் இல்ல, எனக்கும் இல்ல, ரூட்டே போச்சு! எந்த அறிவுகெட்டவன்மா சந்தவாசலை மலை ரூட்டுன்னு எழுதினது? பேரைச் சொல்லு. டெல்லியா இருந்தாலும் ரயிலேறிப் போய் அவன் சட்டையைப் புடிக்கிறேன்!”

சுகன்யா கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். படித்தாள். பிறகு திரையை மெதுவாக அவர் பக்கம் திருப்பினாள்.

“டெல்லிக்கெல்லாம் போவ வேணாண்ணா. போன ஆடி மாசம், மலை ரூட்டுக்குத் தர்ற படிக்காசு வேணும்னு கேட்டு நீங்க குடுத்த லெட்டர்தான் இது.”