பொட்டாசியம் சொன்ன வயது

மனிதரோ வானத்துப் பொருளோ, பொட்டாசியத்திடம் வயதை மறைத்துத் தப்பியவர் கிடையாது. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில், சாம்பியன் ரீப்ஸில் ஏறும் ஆராய்ச்சி மாணவிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஆபீஸ் போகும் நாங்களெல்லாம் லேடீஸ் பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டு போவோம். அவள் லேப்டாப்பில் ஒரு கோணல்மாணல் கோட்டை முறைத்துக்கொண்டு வருவாள்.

அது ஒரு பழுப்புக் குள்ளனின் ஒளியாம். நட்சத்திரமாக எரிய எடை போதாமல், பிறந்த சூட்டிலிருந்து ஆறிக்கொண்டே இருக்கிற பிறவி. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், நீராவியும் மீத்தேனும் விழுங்கிய இடங்களில் கோடு பள்ளமாக இறங்கும், அது சூட்டைச் சொல்லிவிடும். வயதுக்கு அது போதாது. கனத்த கிழமும் லேசான குழந்தையும் ஒரே சூட்டில் இருக்கலாம். குழந்தை உப்பியிருக்கும், பொட்டாசியம் விழுங்கிய பள்ளம் ஒல்லியாக விழும். கிழம் சுருங்கி இறுகியிருக்கும், பள்ளம் அகன்றுவிடும். இதைக் கேட்ட அன்று நான் கீரையைத் தண்டோடு டப்பாவில் போட்டேன். எத்தனையோ ஒளியாண்டு தள்ளி இருப்பதன் வயதை ஒரு பள்ளத்தில் படிக்கிறாளே என்று மலைப்பாக இருந்தது.

ஒருநாள், தன் குள்ளன் பச்சைக் குழந்தை என்றாள். அப்படிக் கிடைப்பது அபூர்வமாம். ஐந்து வருட ஆராய்ச்சியே அதன்மேல்தான் நின்றது. ரயிலிலேயே வளைகாப்பு நடத்துகிற கூட்டம் நாங்கள், சும்மா இருப்போமா? திங்கட்கிழமை பெயர் சூட்டு விழா என்று முடிவானது. நான் சந்தனமும் கேசரியும் கொண்டுபோனேன், எங்கள் பெட்டி ஸ்டெல்லா கேக் கொண்டுவந்தாள்.

திங்களன்று அவள் முகம் வெளுத்து ஏறினாள். பழைய பதிவு மங்கலாம். தெளிவான புதிய பதிவு அன்று காலைதான் வந்ததாம். அதில் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"கொழந்த இல்லக்கா. கெழம்."

வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த யோசனை என்னுடையதுதான். "உங்க சார் இன்னும் பாக்கலல்ல? பழசையே குடுத்துடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"பாவம்க்கா அது. எரியவும் முடியாம, இத்தினி காலமா தனியா ஆறிக்கினு கீது. வயசையாவது சரியா சொல்ல வேணாமா?"

பங்காருப்பேட்டை வருவதற்குள் அவள் தன் பேராசிரியருக்கு மெயில் அனுப்பிவிட்டாள். ஐந்து வருட உழைப்பு ஒரு விரல் தட்டலில் போனது.

"கெழமா இருந்தா இன்னா, அறுபதாங் கல்யாணம் பண்ணிடலாம்" என்று ஸ்டெல்லா கேக்கை வெட்டினாள். பெட்டியே சிரித்தது. நான் பொட்டாசியத்தின் கன்னத்தில் சந்தனம் பூசினேன். ஈரத்தில் ஒட்டவில்லை. இவள் என் வயிற்றில் பிறந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.